மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் என் தொலைபேசி ஓயாது. "எங்கள் சாஸ்தா எது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் கேட்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று அவரவர் குடும்பம் குலதெய்வமாக வணங்கும் சாஸ்தா கோவிலுக்குப் போயாக வேண்டும். ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆன குடும்பங்களுக்கு அந்தக் கோவில் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். குடும்ப வரலாறு தொகுப்பது என் தொழில். பாதி வேலை இந்தக் கேள்வியோடுதான் வந்து சேர்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்படித்தான் வந்தார். கையில் பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். நிலம் கைமாறிய கதை அவற்றில் இருந்தது. அந்த நிலத்துக்கு வரும் முன் குடும்பம் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. "வீட்டில் வயதானவர்கள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அம்பாசமுத்திரத்தில் (அம்பை என்பார்கள்) தொண்ணூறை நெருங்கும் ஆச்சி ஒருவர் இருந்தார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் பெரியம்மா.

ஆச்சியிடம் அவருடைய மாமனார் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை. கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. சற்று யோசித்து, "முருகனுக்கு அண்ணன்" என்றார். "விநாயகமா?" இல்லை என்று தலையாட்டினார். "கணபதியா?" சிரித்தார். இந்தக் காரணத்தால்தான் எங்கள் பக்கத்து ஆச்சிகளிடம் பேரப்பிள்ளைகள் பொறுமையாக உட்கார வேண்டும் என்று சொல்கிறேன். அவசரப்பட்டால் "ஆச்சிக்கு ஞாபகம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஆச்சிக்கு ஞாபகம் இருந்தது.

அந்த வீட்டுப் பரணிலிருந்து 1958-ஆம் வருடக் கல்யாணத்தின் மொய் நோட்டு ஒன்று இறங்கியது. ஊர், பெயர், தொகை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். அதில் களக்காட்டுப் பக்கத்து ஒரே ஊரிலிருந்து அடுத்தடுத்து ஒன்பது பேர் மொய் எழுதியிருந்தார்கள். ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "அவர்கள் எல்லாரும் பங்காளிகள்" என்றார், கேட்காமலே. அந்த ஊருக்குப் போனோம். சாஸ்தா கோவிலில் உத்திரத்துக்கு வரி பிரித்த பழைய நோட்டில், தலைக்கட்டு (வரி தரும் குடும்பத் தலைவர்) வரிசையில், கணபதி என்ற பெயருக்கு எதிரே "அம்பை போய்விட்டார்" என்று எழுதியிருந்தது. இரண்டே சொற்கள். எந்த அரசு ஆவணத்திலும் அவை கிடைத்திருக்காது.

கல்யாண மொய் நோட்டு, கோவில் கொடை வரி நோட்டு, வீட்டுக் கணக்கு நோட்டு ஆகிய இவற்றைத்தான் வீட்டைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போடுகிறோம். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோவிலுக்குப் போன உ.வே.சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதைப் படித்து வருந்தும் நாமே நம் வீட்டு ஏடுகளைக் கிலோவுக்கு விற்கிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே ஆற்றாமை உண்டு.

பழைய தாள்களை வாசிக்கும்போது ஆண்டில் கவனம் வேண்டும். இந்தப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டுதான் மிகுதி. ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆங்கில ஆண்டு அறிய, டிசம்பர் வரை என்றால் 824-ஐயும், ஜனவரி முதல் என்றால் 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1082 தை என்றால் 1907 ஜனவரி, பிப்ரவரி. அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் வருடப் பெயராக, வெறும் "பராபவ வருடம்" என்று மட்டும் இருந்தால் அது 1906-இல் தொடங்கியதா, 1966-இல் தொடங்கியதா என்று மற்ற பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் இருப்பதால் அறுபது வருடக் குழப்பத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஊர் எந்த எல்லையில் இருந்தது என்பதும் முக்கியம். செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்களாயின. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் பெரிய துணை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த பெட்டிகளோடு பலர் வந்தார்கள். சிலர் தாள்களை வெயிலில் காயப்போட்டிருந்தார்கள், சிலர் இஸ்திரி போட்டிருந்தார்கள். இரண்டும் வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில், நடுவே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீர்கள். இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்தாலே பூஞ்சை பிடித்துவிடும். எல்லாவற்றையும்விட, லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். செலோடேப்பும் துருப்பிடிக்கும் குண்டூசியும் அப்படியே கெடுதல். ஸ்கேன் செய்து மூன்று வீடுகளில் பிரதி வைத்துவிட்டு, மூலத்தைத் தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். "இடமிருந்து மூன்றாவது, சித்தி" என்று எழுதினால் யாருக்குச் சித்தி என்று நாளைக்குத் தெரியாது.

பெங்களூர்ப் பெண்ணின் குடும்பம் அந்த வருட உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் போய் வந்தது. ஆச்சியால் வர முடியவில்லை. ஐந்து தலைமுறை மரத்தை வரைந்து எடுத்துக்கொண்டு நான் அம்பைக்குப் போனேன். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். கணபதி, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா. முழுக்கக் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னார்: "எல்லாம் சரிதான் தம்பி. என்னைப் பெற்றவளை எங்கே?"

மொய் நோட்டிலும் வரி நோட்டிலும் ஆண்கள் பெயர்தான். நானும் அதன்படியே வரைந்திருந்தேன். தாளைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். தன் அம்மா, அம்மாவின் அம்மா, அவர்கள் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் என்று ஆச்சி சொல்லச் சொல்ல, சாயங்காலம் வரை எழுதினேன்.