காலநிலை அறிவியலை விசாரிக்கும் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு: அது செய்வது என்ன, நீங்கள் சாட்சியம் அனுப்புவது எப்படி

நாடாளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று காலநிலை அறிவியலை ஆய்வு செய்கிறது என்று செய்தி வந்தால், பூமி சூடாகிறதா இல்லையா என்று எம்.பி.க்கள் வாக்கெடுத்து முடிவு செய்யப்போகிறார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வேலை குழுவுக்குக் கிடையாது. விஞ்ஞானிகள் எந்த வழியில் முடிவுக்கு வந்தார்கள், தரவைக் கேட்டவருக்குக் கொடுத்தார்களா, அதை நம்பி அரசு போட்ட கொள்கை தாங்குமா என்பதையே அது விசாரிக்கிறது. இதில் யார் வேண்டுமானாலும் எழுத்தில் சாட்சியம் தரலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். 2014 விசாரணையில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள் நேரில் சாட்சியம் அளித்தார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டத்தின் கீழ் அமைந்த காலநிலை மாற்றக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது நிபுணர்களைக் கொண்ட சட்டபூர்வ ஆலோசனை அமைப்பு. எம்.பி.க்கள் அதில் இல்லை. இங்கே பேசப்படுவது மக்களவையான காமன்ஸ் சபையின் தெரிவுக்குழுக்கள். ஆட்சிக் கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் பின்வரிசை உறுப்பினர்களும் இவற்றில் இருப்பார்கள். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் இவற்றுக்கு அதிகாரம் உண்டு. 2010 முதல் பெரும்பாலான குழுத் தலைவர்களைச் சபை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. கட்சிக் கொறடாவின் பிடி தளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த விசாரணை எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள 2010ஆம் ஆண்டு விசாரணையைப் பார்ப்பதே நல்லது. 2009 நவம்பரில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுப் பிரிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு இணையத்தில் வெளியாயின. உலக நிலப்பரப்பு வெப்பநிலைப் பதிவைத் தொகுக்கும் முக்கியமான இடங்களில் அந்தப் பிரிவும் ஒன்று என்பதால் புயல் கிளம்பியது. அறிவியல், தொழில்நுட்பக் குழு ஜனவரியில் விசாரணையை அறிவித்தது. கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று: இந்த வெளிப்பாடுகளால் அறிவியல் ஆய்வின் நேர்மைக்கு என்ன பாதிப்பு? பல்கலைக்கழகம் சர் மியூர் ரஸ்ஸல் தலைமையில் அமைத்த தனி விசாரணையின் வரையறை போதுமா? மற்ற இரண்டு உலக வெப்பநிலைத் தரவுத் தொகுப்புகள் எந்த அளவுக்குத் தனித்து நிற்கின்றன?

மூன்றாவது கேள்விதான் கூர்மையானது. ஒரு தொகுப்பில் கோளாறு இருந்தாலும், நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமும் தம் வழியில் கணக்கிட்டு அதே போக்கைக் காட்டினால் முடிவு நிற்கும். மூன்றும் ஒரே வானிலை நிலையங்களின் அளவீடுகளைப் பெருமளவு பகிர்ந்துகொள்கின்றன என்பதும் உண்மை. அதனால் கணக்கிடும் முறை வேறா, மூலத் தரவு வேறா என்று பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது. சாட்சியம் எழுதுபவர்களில் பலர் இதைக் கலந்துவிடுகிறார்கள்.

2010 மார்ச் 1 அன்று ஒரே ஒரு நாள் நேர்முக விசாரணை நடந்தது. மே 6 தேர்தல் நெருங்கியதால் அதற்கு மேல் அவகாசம் இல்லை. மார்ச் 31இல் அறிக்கை வந்துவிட்டது. அதிகம் பேசப்பட்டது 1999ஆம் ஆண்டின் ஒரு மின்னஞ்சல். அதில் ‘டிரிக்’ என்ற சொல்லும் ‘சரிவை மறைக்க’ என்ற தொடரும் இருந்தன. பழங்கால வெப்பநிலையை மதிப்பிட மரவளையங்களைப் பயன்படுத்துவார்கள். ஆனால் 1960க்குப் பிறகு சில வடபகுதி மரங்களின் வளைய அடர்த்தி, வெப்பமானிகள் காட்டிய ஏற்றத்தோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் பகுதியை வரைபடத்தில் விட்டுவிட்டு வெப்பமானி அளவீட்டை இணைத்ததைத்தான் அந்தத் தொடர் குறித்தது. இந்த முரண்பாடு ஏற்கெனவே ஆய்விதழ்களில் விவாதிக்கப்பட்டிருந்தது. ஆகவே இதில் ஏமாற்றும் திட்டம் இல்லை, விஞ்ஞானிகளுக்குள் புழங்கும் பேச்சுவழக்குதான் என்று குழு முடிவு செய்தது.

ஆனால் நற்சான்று கொடுத்ததோடு குழு நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விடுவதுதான் இந்த அறிக்கை பற்றிய சுருக்கங்களில் பெரிய குறை. மூலத் தரவையும், கணினி நிரல் உட்பட முழுச் செயல்முறையையும் வெளியிடுவது காலநிலை அறிவியலின் வழக்கமாக வேண்டும் என்று குழு கேட்டது. தகவல் கோரிக்கைகளைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தையும் கடுமையாகக் குறை சொன்னது. தகவலை வேண்டுமென்றே அழிப்பதோ மறைப்பதோ தகவல் சுதந்திரச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் குற்றம் நடந்த 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கோரிக்கை, பதில், உள்ளக மறுபரிசீலனை, தகவல் ஆணையரிடம் புகார் என்று போய்ச் சேருவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். இங்கேயும் அதுதான் நடந்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் இது அநியாயமே.

தேர்தலுக்குப் பின் வந்த புதிய குழு கோப்பை மூடவில்லை. அந்தப் பிரிவின் ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசோதிக்கப் பல்கலைக்கழகம் அமைத்த, ஆக்ஸ்பர்க் பிரபு தலைமையிலான குழுவும் ரஸ்ஸல் குழுவும் செய்த விசாரணைகளையே அது விசாரித்து, 2011 ஜனவரியில் தனி அறிக்கை தந்தது. ரஸ்ஸல் குழு செய்த ஒரு சோதனையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பொதுவில் கிடைக்கும் நிலையத் தரவைத் தாங்களே பதிவிறக்கி, இரண்டே நாளில் சொந்தமாக நிரல் எழுதி, பல்கலைக்கழகத்தின் வளைகோட்டோடு ஒத்த முடிவைப் பெற்றார்கள். நூறு பக்க வாதத்தைவிட இது வலுவான சாட்சியம்.

2014 விசாரணை வேறு வகை. ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐபிசிசி, தன் ஐந்தாவது மதிப்பீட்டின் முதல் பகுதியை 2013 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் வெளியிட்டது. அதை டிம் யோ தலைமையிலான எரிசக்தி, காலநிலை மாற்றக் குழு ஆய்வு செய்தது. 1951 முதல் பத்தாண்டுக்கு 0.12 டிகிரி என்று இருந்த வெப்ப ஏற்றம் 1998 முதல் 2012 வரை 0.05 டிகிரியாகக் குறைந்தது ஏன், கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் எத்தனை டிகிரி கூடும் என்பவை சூடான கேள்விகள். ஐபிசிசி இரண்டாவது கேள்விக்கு 1.5 முதல் 4.5 வரை என்று வரம்பு கொடுத்திருந்தது. காலநிலை விஞ்ஞானிகளான பிரையன் ஹாஸ்கின்ஸ், மைல்ஸ் ஆலன், பீட்டர் ஸ்டாட் ஆகியோரையும், மாற்றுக் கருத்து கொண்ட ரிச்சர்ட் லிண்ட்சன், நிக் லூயிஸ் போன்றோரையும் குழு கேட்டது. ஜூலையில் வந்த அறிக்கை, ஐபிசிசியின் நடைமுறை உறுதியானது, நான்காவது கார்பன் வரவுசெலவை (பிரிட்டன் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களுக்குச் சட்டப்படி வைத்த வரம்பை) தளர்த்த அறிவியல் காரணம் இல்லை என்றது. கூடவே, காலநிலைத் துறை சாராத விஞ்ஞானிகளின் சிறு குழு ஒன்று ஐபிசிசியின் மறுஆய்வையும், சுருக்க அறிக்கையை அரசுகள் வரிவரியாக ஒப்புக்கொள்ளும் கூட்டங்களையும் கவனிக்கட்டும் என்று பரிந்துரைத்தது. கன்சர்வேட்டிவ் கட்சியின் பீட்டர் லில்லியும் தொழிற்கட்சியின் கிரஹாம் ஸ்ட்ரிங்கரும் எதிர்த்து வாக்களித்தார்கள். மாற்று அறிக்கை என்று தனியாக வெளியிட அங்கே வழக்கம் இல்லை. யார் எந்தத் திருத்தம் கொண்டுவந்தார், எப்படித் தோற்றது என்பதை அறிக்கையின் கடைசியில் உள்ள முறையான நடவடிக்கைக் குறிப்பில்தான் தேட வேண்டும்.

எரிசக்தி, காலநிலை மாற்றக் குழு, அது கண்காணித்த அரசுத் துறை இன்னொரு துறையோடு இணைக்கப்பட்டதால் 2016இல் கலைக்கப்பட்டது. இப்போது காலநிலை தொடர்பான விசாரணை எதற்கும் எரிசக்திப் பாதுகாப்பு மற்றும் நிகர பூஜ்யக் குழு, அறிவியல், புத்தாக்கம் மற்றும் தொழில்நுட்பக் குழு, சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு ஆகிய மூன்றின் பக்கங்களையும் நாடாளுமன்ற இணையதளத்தில் பாருங்கள்.

சாட்சியம் அனுப்பும் முறை எளிது. விசாரணைப் பக்கத்தில் ‘சாட்சிய அழைப்பு’ திறந்திருக்கும்போது அங்குள்ள படிவத்தின் வழியாகவே ஏற்ற வேண்டும். வேர்ட், ஓடிடி, ஆர்டிஎஃப் வடிவங்களில் ஒன்று, 25 எம்பிக்குள். பிடிஎஃப் வேண்டாம் என்பார்கள். அழைப்பில் வேறு வரம்பு சொல்லாவிட்டால் 3,000 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பத்திகளுக்கு எண் போடுங்கள். அறிக்கையில் உங்களை மேற்கோள் காட்ட அந்த எண்தான் உதவும். நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள் என்பது முதல் இரண்டு வரியில் வரட்டும். பிறகு அழைப்பில் உள்ள கேள்விகளில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பக்கத்தில் ஆதாரத்தோடு சொன்ன பதிலைத்தான் குழுவின் அலுவலர்கள் தேடிப் பிடிப்பார்கள். கடைசியில் என்ன பரிந்துரை வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

எங்கே பிசகுகிறது? ஏற்கெனவே வேறிடத்தில் வெளியிட்டதை அப்படியே அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தைத் தொடக் கூடாது. தனிப்பட்ட புகார்களைக் குழு விசாரிக்காது. ஏற்றுக்கொண்ட சாட்சியம் உங்கள் பெயரோடு இணையத்தில் ஏறும். பெயர் மறைக்க வேண்டுமானால் அனுப்பும்போதே காரணத்தோடு கேட்க வேண்டும், முடிவு குழுவுடையது. குழு வெளியிடும் சாட்சியத்துக்கு அவதூறு வழக்கிலிருந்து நாடாளுமன்றச் சிறப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. அதையே உங்கள் பக்கத்தில் நீங்கள் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தெரிந்தே பொய் சொன்னால் சபை அவமதிப்பாகும்.

சாட்சியத்துக்குத் தரவு தேவைப்பட்டால், வெப்பநிலைப் பதிவு போன்றவை சுற்றுச்சூழல் தகவல் என்பதால் 2004ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தகவல் விதிமுறைகளைக் காட்டிக் கேளுங்கள். 20 வேலைநாளில் பதில் தர வேண்டும். பெரிய, சிக்கலான கோரிக்கையானால் 40 வரை நீட்டலாம். மறுத்தால் 40 வேலைநாளுக்குள் உள்ளக மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் ஆணையர், அதற்கு மேல் தீர்ப்பாயம். ஸ்காட்லாந்துக்கு மட்டும் தனி விதிகளும் தனி ஆணையரும் உண்டு.

கோரிக்கையின் வடிவம் முக்கியம். 2009 ஜூலையில் காலநிலை ஆய்வுப் பிரிவு தொடர்பாக கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்துக்கு, பெரும்பாலும் ஒரே மாதிரி வார்ப்பில், 61 கோரிக்கைகள் குவிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் அந்தப் பிரிவு தொடர்பாக வந்தவை இரண்டுதான். அப்படி மொத்தமாக அனுப்புவது ‘வெளிப்படையாக நியாயமற்றது’ என்று தள்ளிவிட நிறுவனத்துக்கு வழி கொடுக்கும். வென்றது வேறொரு கோரிக்கை: அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் இருந்த ஆய்வாளருக்கு ஏற்கெனவே அனுப்பிய கோப்பின் நகல் வேண்டும் என்று அது கேட்டது. இருப்பது உறுதியான ஒரு கோப்பு என்பதால் தேட நேரமில்லை என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. பிற நாடுகளோடு உறவு கெடும், அறிவுசார் சொத்துரிமை பாதிக்கும் என்ற காரணங்களையும் ஆணையர் 2011இல் நிராகரித்தார். அந்த ஜூலையில் 5,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவு வெளியானது. போலந்து சம்மதிக்காததால் அதன் 19 நிலையங்கள் மட்டும் விடுபட்டன.

அறிக்கை வந்த பிறகும் கவனிக்க வேண்டியது உண்டு. அரசு வழக்கமாக இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவும் அதே விசாரணைப் பக்கத்தில் ஏறும். பரிந்துரைகளுக்கு எண் இருக்கும், பதிலும் அந்த எண் வரிசையிலேயே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘ஏற்கிறோம்’ என்பதற்கும் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டாவது வகைப் பதில் வந்த இடங்களைக் குறித்து, அடுத்த அழைப்பு திறக்கும்போது அந்த எண்ணைச் சொல்லியே எழுதலாம்.