எம்.ஓ.ரி. பாஸ் என்றால் சுவிஸ் வரை ஓடும் என்று அர்த்தமில்லை

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணி. கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டேன். ஏழு பேர் இருக்கும் வாகனம் ஒன்று வந்து நின்றது. மேலே கூரைப் பெட்டி, பின்னால் கண்ணாடி மறைய சூட்கேஸ், உள்ளே மூன்று பிள்ளைகள். “அண்ணை, விடிய நாலு மணிக்கு சுவிஸுக்கு வெளிக்கிடுறம். ஒயிலை மட்டும் ஒருக்காப் பாத்து, காத்தும் அடிச்சு விடுங்கோ.”

ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முன் சில்லுக்குப் பின்னால் ரோச் லைற் அடித்தேன். வெளியே நின்று பார்த்தால் நல்ல ரயர். உள் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அந்தத் தம்பியைக் குனிந்து தடவிப் பார்க்கச் சொன்னேன். கம்பி விரலில் குத்தியதும் கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவர் வாயில் வந்த முதல் வார்த்தை: “மார்ச்சிலதானே அண்ணை எம்.ஓ.ரி. பாஸ் பண்ணினது!” இங்கே பிரித்தானியாவில் வருடாவருடம் கட்டாயமாகச் செய்யும் கார்ப் பரிசோதனையைத்தான் சொன்னார்.

இந்தக் கோடையில் இந்த வார்த்தையை நான் கேட்பது நாலாவது தடவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எம்.ஓ.ரி. என்பது பயணத்துக்கான நற்சான்றிதழ் இல்லை. பரிசோதனை நடந்த அந்த ஒரு நாளில், சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த தரத்தில் உங்கள் கார் இருந்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். அடுத்த நாளுக்கே அது பொறுப்பில்லை. ரயரின் நடு முக்கால் பங்கில் தவாளிப்பின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1.7 இருந்தால் பாஸ். நானே அப்படிப் பாஸ் கொடுத்திருக்கிறேன், கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக அந்த ரயரில் ஐந்து பேரையும் பத்துப் பொதியையும் ஏற்றி, பிரெஞ்சு மோட்டர்வேயில் மழைக்குள் 110இல் போகலாம் என்று நான் சொன்னதாக ஆகாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எம்.ஓ.ரி. பார்ப்பதே இல்லை. ரைமிங் பெல்ற்றுக்கு எத்தனை வயது, பிரேக் ஒயிலுக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஸ்பெயார் சில்லில் காத்து இருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பரிசோதனைக்குள் வராது. ஆனால் நெடும்பயணத்தில் காரை நடுவழியில் நிறுத்துபவை பெரும்பாலும் இவைதான்.

அந்தத் தம்பியின் நம்பர் பிளேற்றை அரசாங்க இணையத்தளத்தில் போட்டு மார்ச் மாத முடிவை எடுத்துக் காட்டினேன். பாஸ்தான். ஆனால் கீழே அட்வைசரி, அதாவது பாஸ் ஆனாலும் கவனிக்க வேண்டிய குறை, என்று ஒரு வரி: முன் ரயர்கள் இரண்டும் உள் விளிம்பில் தேய்ந்திருக்கின்றன. ஐந்து மாதமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. தயவுசெய்து அந்த வரிகளை வாசியுங்கள். பரிசோதித்தவர் உங்களுக்காகத்தான் மினக்கெட்டு எழுதுகிறார்.

பக்கத்துக் கடையில் கடைசி நேரத்தில் அந்த அளவு ரயர் இரண்டு கிடைத்தது, மாற்றினேன். ஆனால் உள் விளிம்பு தேய்ந்ததற்குக் காரணம் சில்லு நேராக நிற்காதது. அலைன்மென்ற் செய்ய நேரமில்லை. புது ரயரும் அதே பக்கத்தில் தேயத் தொடங்கியிருக்கும்.

அதனால் முதல் வேண்டுகோள்: பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் காரைக் கொண்டுவாருங்கள். முதல் நாள் பின்னேரம் வந்தால் நான் குறையைக் கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது. ஒரு ஹோஸ் குழாய் ஓடர் பண்ணினால் வர ஒரு நாள், சில நேரம் ஒரு கிழமை. புது பிரேக் பாட் போட்டால் அது டிஸ்க்கோடு படிவதற்குச் சில நாள் ஊருக்குள் ஓட வேண்டும். சில்லுக் கழற்றிப் பூட்டினால் ஐம்பது மைல் ஓடியபின் நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கடல் கடந்து, பிரான்சின் கலேக்கு அந்தப் பக்கம் வைத்துச் செய்ய முடியாது.

போன வருசம் ஒரு குடும்பம் பிரான்சின் றெய்ம்ஸ் நகரத்துக்கு அருகில், ஏ26 வீதியில் நின்றுகொண்டு எனக்கு அழைத்தார்கள். சுவிஸ் போகிற எங்கள் ஆட்கள் பலருக்குப் பழக்கமான வீதி. கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம், குறைகிறது என்று இரண்டு மாதமாகவே தெரியும். குறையக் குறையக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வெப்பமானி சிவப்புக்கு ஏறியபோதும், அடுத்த பெற்றோல் நிலையம் வரை போய்விடலாம் என்று பதினைந்து கிலோமீற்றர் ஓட்டியிருக்கிறார்கள். நாற்பது பவுணோடு முடிந்திருக்க வேண்டிய ஹோஸ் வேலை, எஞ்சினின் தலையையே வளைத்துவிட்டது. கூலன்ற் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்காமல் கடல் கடக்காதீர்கள். சிவப்பு வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி உடனே எஞ்சினை நிறுத்துங்கள், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.

அங்கே இன்னொரு சிக்கலும் வந்தது. கார் நடுவழியில் நின்றால் உதவ வரும் தங்கள் இங்கத்தைய பிரேக்டவுன் கொம்பனி வரும் என்று வீதியோரம் காத்திருந்தார்கள். பிரெஞ்சு மோட்டர்வேயில் உங்கள் கொம்பனி வந்து இழுக்க முடியாது. செம்மஞ்சள் அவசரத் தொலைபேசியில், அல்லது 112இல் அழைக்க வேண்டும். அனுமதி பெற்ற இழுவை வண்டிதான் வரும், அதன் கட்டணத்தை அரசு நிர்ணயித்திருக்கிறது. ரசீதை வாங்கி வைத்து, பிறகு உங்கள் கொம்பனியிடம் கேட்க வேண்டும். ஐரோப்பாவுக்கும் செல்லுபடியாகும் காப்பா என்று முதலே கேளுங்கள். காப்புறுதியையும் அப்படியே கேளுங்கள். இங்கே முழுக் காப்புறுதி வைத்திருக்கும் பலருக்கு, அங்கே மூன்றாம் நபர் காப்பு மட்டும்தான் மிஞ்சும்.

சுவிஸ் மலைப்பாதைகளில் ஏற நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஃபுர்க்கா கணவாய் 2,429 மீற்றர் உயரம். ஏறுவதைவிட இறங்குவதுதான் காருக்குச் சோதனை. டொட் 4 என்ற வகைப் பிரேக் ஒயில், புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155. பொதி நிறைந்த காரில், கீழிறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டிருந்தால் ஒயில் கொதித்து மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு வருடமாக மாற்றவில்லையென்றால் மாற்றிவிட்டுப் போங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து வையுங்கள். ஓட்டோமற்றிக் காரிலும் அதற்கு வழி இருக்கிறது, கைநூலைப் பாருங்கள்.

காத்து. நிறையச் சாமானோடு போகும்போது அடிக்க வேண்டிய அளவு வேறு. சாரதிக் கதவைத் திறந்தால், அல்லது பெற்றோல் மூடியின் உட்புறத்தில், ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதில் இரண்டு வரிசை. நிறை பாரத்துக்குரிய வரிசையைப் பார்த்து, ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். கூரைக்கும் எல்லை உண்டு. நிறையக் கார்களுக்கு 75 கிலோ, அதற்குள் பெட்டியின் நிறையும் கம்பிகளின் நிறையும் அடக்கம். அரிசி மூட்டையைக் கூரையில் ஏற்றாதீர்கள், கீழே வையுங்கள். (மட்டன் ரோல்ஸை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிரித்தானியாவிலிருந்து இறைச்சி, பால் உணவுகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.)

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். முன் விளக்குக்கு ஸ்ரிக்கர் ஒட்டுங்கள், அல்லது உங்கள் காரில் வெளிநாட்டுக்கான அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். எங்கள் விளக்கு இடப்பக்கம் உயர்ந்து அடிக்கும், அங்கே வலப்பக்கமாக ஓடுவதால் அது எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகும். காரின் நாட்டைக் காட்டும் பழைய ஜி.பி. ஸ்ரிக்கர் 2021 செப்ரெம்பர் 28 முதல் செல்லாது, யு.கே. என்று இருக்க வேண்டும். பிரான்சில் எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். மேலங்கி டிக்கியில் இருந்தால் பிரயோசனமில்லை, இறங்குவதற்கு முன் போட வேண்டும். இல்லையென்றால் 135 யூரோ தண்டம். சாரதிக்கு மட்டும் ஒன்று வாங்காதீர்கள், பிள்ளைகளுக்கும் வாங்குங்கள். சுவிஸ் மோட்டர்வேக்கு 40 பிராங்க் வின்யெற், அதாவது வீதிக் கட்டணச் சீட்டு, வேண்டும். ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்மன் தேருக்குப் போகிறவர்கள் வழியில் கொலோன் நகரத்துக்குள் நுழைவதென்றால், புகை குறைந்த கார் என்பதற்கான பச்சை ஸ்ரிக்கர் வேண்டும். அதை இங்கிருந்தே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். காரின் பதிவுப் பத்திரமான லொக்புக்கின் மூலப் பிரதி கையில் இருக்கட்டும்.

கடைசியாக, சில்லுப் பூட்டின் திறப்பு. பல கார்களில் ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருக்கும், களவு போகாமல் இருப்பதற்கு. அதைக் கழற்ற உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு இரும்புத் துண்டு வேண்டும். அது எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சிலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஸ்பெயார் சில்லு இருந்தும், அது இல்லாமல் ரயர் மாற்ற முடியாது. புதுக் கார்கள் பலவற்றில் ஸ்பெயாரே இல்லை, பசைப் போத்தல்தான். ரயரின் பக்கவாட்டுக் கிழிந்தால் அந்தப் போத்தல் உதவாது. இன்று பின்னேரமே டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், கையுறைப் பெட்டியையும் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கொண்டுவாருங்கள், நட்டுகளை மாற்றிவிடலாம். அதற்கும் சாமான் வர இரண்டு மூன்று நாள் எடுக்கும்.