பாதிக் கடன் தள்ளுபடி என்று உங்களிடம் சொன்னது யார்?

போன வாரமும் ஒருவர் வந்தார். இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு பர்சனல் லோன், ஒரு கிரெடிட் கார்டு, இரண்டு ஆப் கடன், எல்லாம் சேர்ந்து நாலே முக்கால் லட்சம். "பாதி கட்டினா போதும், மீதி தள்ளுபடின்னு சொன்னாங்கங்க சார்" என்றார். சொன்னது வங்கி இல்லை, பேஸ்புக்கில் விளம்பரம் போட்ட ஒரு செட்டில்மென்ட் கம்பெனி. இஎம்ஐயை நிறுத்திவிட்டு மாதம் 8,000 ரூபாயைத் தங்களிடம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் கட்டியிருக்கிறார். வங்கிக்கு ஒரு பைசா போகவில்லை. வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்.

வங்கியில் ஓய்வு பெற்று, இப்போது நிதிசார் கல்வி மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் ஏறாத விஷயம் ஒன்று உண்டு. கடனை அடைப்பது வேறு, செட்டில்மென்ட் வேறு. முழுசாகக் கட்டினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று இருக்கும். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு'. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேனேஜர் கண் அந்த ஒரு வார்த்தையில்தான் போய் நிற்கும். நானே அப்படி எத்தனையோ விண்ணப்பங்களை ஓரமாக வைத்திருக்கிறேன். 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில், செட்டில்மென்ட் செய்தவருக்கு அதே வங்கி மறுபடி கடன் தரக் குறைந்தது 12 மாதம் ஆகவேண்டும். குறைந்தது என்பதைக் கவனியுங்கள். அது தள்ளுபடி என்றால் இந்தத் தண்டனை எதற்கு? வேலை போய், உடம்பு முடியாமல், வேறு வழியே இல்லாதவருக்கான கடைசிக் கதவு அது. அந்தக் கதவின் சாவியும் வங்கியிடம்தான் இருக்கிறது, இடைத்தரகரிடம் இல்லை.

சரி, என்ன செய்வது? முதலில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிபில் உட்பட, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நான்கு கிரெடிட் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அப்புறம் கடன் கொடுத்தவரிடமே போய், இவ்வளவுதான் முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. பேசித் தீராமல் மக்கள் நீதிமன்றத்துக்குப் (லோக் அதாலத்) போனாலும் கட்டணம் கிடையாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது. செய்தால் வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதுவும் இலவசம்.

இன்னொன்று, சம்பளக் கணக்கு. கடன் வாங்கிய வங்கியிலேயே சம்பளமும் விழுந்தால், பாக்கிக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. அரிசி வாங்க வைத்திருந்த பணம் ஒரே நாளில் போய்விடும். கடன் இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். 2012-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், ஏடிஎம் கார்டுக்குக் கட்டணம் இல்லை. "அது ஏழைங்களுக்குங்க சார்" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். இருப்பு குறைந்ததற்கு அபராதம் கட்டுவதில் என்ன கௌரவமோ! அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்க முடியாது. ஆனால் கணக்கை மாற்றிவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். பழைய கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் (தவணையைத் தானாக எடுப்பது) திரும்பினால், அந்த வங்கியும் கடன் கொடுத்தவரும் என இரண்டு பக்கமும் கட்டணம் விழும், வழக்கும் வரலாம். கடன் கொடுத்தவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிடுங்கள்.

அந்தத் திருப்பூர் சூப்பர்வைசருக்கான கடிதத்தை இருவரும் உட்கார்ந்து எழுதினோம், ஒரே பக்கம். கிளம்பும்போது, செட்டில்மென்ட் கம்பெனிக்குக் கட்டிய அந்த 48,000 ரூபாயைப் பற்றிக் கேட்டார். நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம் என்றேன். கிடைத்துவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை.