கடைமடைக்குத் தண்ணீர் வந்தாச்சா?

பேச்சிப்பாறை அணைக்குப் போனவர்கள் அங்கே ஒரு கல்லறையைப் பார்த்திருப்பார்கள். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நூறு வருஷம் தாண்டியும் குமரி மாவட்டத்து விவசாயிகள் அவர் பெயரை மறக்கவில்லை. மறக்கக் கூடாத பெயர்தான். ஆனாலும் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்ததும் கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்று: "தண்ணி கடைமடைக்கு வந்தாச்சா?" ஒரு தலைவர் விட்டுச்சென்றது நிலைத்து நிற்கிறதா என்று அறிய, இதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

கடைமடை ஏன் காய்கிறது என்று பார்ப்போம். மண்வாய்க்காலில் தண்ணீர் கசியும், ஆகாயத்தாமரை மறிக்கும், யாராவது ஷட்டரைக் கூடுதலாகத் தூக்குவார்கள். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஒருவரும் திருடாமல், எல்லாரும் யோக்கியமாக இருந்தால்கூடக் கடைமடை காயும். அகலமான கால்வாயில் நீர்வரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், நீர்மட்டம் தோராயமாக எட்டில் ஒரு பங்குதான் இறங்கும். அடியில் இருக்கும் மடைவழியே பாய்கிற தண்ணீரோ, மேலே நிற்கும் நீரின் உயரத்துடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் மடையில் பாய்வது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் குறையும். கால்வாயின் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு மடையும் வழக்கமான அளவுக்குக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ள, மொத்தப் பற்றாக்குறையும் உருண்டு உருண்டு கடைசி வயலில் போய் விழுகிறது.

கூட்டுறவுச் சங்கமோ, பள்ளிக்கூடமோ, மருத்துவமனையோ, அங்கேயும் இதே கதைதான். பணமோ ஆளோ குறைந்தால் மேலே இருப்பவருக்கு ஒன்றும் உறைக்காது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் எல்லாம் விடியும். நல்லவராக இருந்தால் மட்டும் தலைவருக்கு இது தெரிந்துவிடாது. கீழே நடப்பது மேலே வந்து சேர வழி இருக்க வேண்டும்.

பொதுவளங்களை மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர் எலினோர் ஆஸ்ட்ரம். அவரும் அவரது குழுவினரும் நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிலவற்றில் கான்கிரீட் தலைமதகு. சிலவற்றில் கல்லும் மரமும் மண்ணும் போட்டு விவசாயிகளே கட்டிய தடுப்பு, மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். இதில் கடைமடைக்குத் தண்ணீரை நன்றாகக் கொண்டுசேர்த்தவை பெரும்பாலும் அந்த மண்தடுப்பு அமைப்புகள்தான்.

காரணம் ரொம்ப எளிது. மண்தடுப்பு உடைந்தால் திரும்பக் கட்டத் தலைமடைக்காரர் மட்டும் போதாது, கடைமடைக்காரரின் கையும் வேண்டும். தண்ணீர் கிடைக்காதவன் மண்வெட்டியோடு வருவானா? ஆகவே அவனுக்கும் பங்கு விட்டாக வேண்டும். உறுதியான மதகு வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. தேவையோடு மரியாதையும் போனது.

இதைப் படித்தபோது, நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கம் நினைவுக்கு வந்தது. அதன் செயலாளர் தங்கமான மனிதர். கணக்கு, சாவி, வங்கிக்குப் போவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். யாரையும் சிரமப்படுத்தமாட்டார். அவர் கான்கிரீட் மதகாக நின்றதால், நாங்கள் ஒருவருக்கொருவர் தேவைப்படாமல் போனோம். அவர் படுக்கையில் விழுந்த மாதமே சங்கமும் படுத்துவிட்டது. அவர்மேல் எனக்கு இன்றும் அன்பு உண்டு. ஆனால் அவர் கொஞ்சம் குறைவாகச் செய்திருந்தால் சங்கம் பிழைத்திருக்கும்.

அணையே கூடாது என்று சொல்ல வரவில்லை. பேச்சிப்பாறை இல்லாமல் நாஞ்சில்நாட்டின் இருபூ சாகுபடியை, அதாவது வருஷத்துக்கு இரண்டு போக நெல்லை, யோசித்துப் பார்க்க முடியுமா? அணை வந்த பிறகும் ஆட்கள் ஒருவருக்கொருவர் தேவைப்படும்படி ஏற்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். முறைப்பாசனம் அப்படிப்பட்ட ஏற்பாடு. ஒருவரின் முறை முடியும் நேரத்தில் அடுத்தவர் மடையருகே வந்து நிற்பார். முன்னவர் ஐந்து நிமிஷம் கூட எடுத்தாலும் இவர் கண்ணில் படும். இவர் முந்தினால் அவர் பார்ப்பார். சம்பளத்துக்குக் காவல் வைக்க வேண்டியதில்லை. தப்புச் செய்தவருக்கு முதலில் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிது. நெடுங்காலம் நிலைத்த பாசன அமைப்புகளில் இதையெல்லாம் ஆஸ்ட்ரம் திரும்பத் திரும்பக் கண்டார்.

அப்புறம் குளங்கள். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உண்டு. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குப் போகும். கால்வாயில் பத்து நாள் தண்ணீர் வராவிட்டாலும் குளத்துத் தண்ணீர் பயிரைத் தாங்கும். நிறுவனத்தில் வேலை கற்ற இரண்டாவது ஆள் அந்தக் குளம் மாதிரி. எழுதிவைத்த நடைமுறையும் குளம்தான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது இரண்டுமே வீண்செலவாகத் தோன்றும்.

தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தின்படி பாசன நிர்வாகத்தில் விவசாயிகளின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அந்தக் கூட்டங்களில் தலைமடையின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும் என்று நினைப்போம். எனக்குக் கவலை வேறு. தண்ணீர் வராத வயலைக் கடைமடைக்காரர் ஒருநாள் தென்னையாக்குகிறார், வாழை வைக்கிறார், இல்லையென்றால் வீட்டுமனையாக விற்றுவிடுகிறார். அந்தப் பக்கமிருந்து பிறகு புகார் வராது. பதிவேட்டில் அந்தக் கால்வாய்க்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆகவே நானாக இருந்தால், அணை திறந்த பத்தாம் நாள் புகார் வந்த கால்வாய்களை ஆட்களிடம் விட்டுவிட்டு, சத்தமே இல்லாத கால்வாயின் கடைசி மடை வரைக்கும் நடந்து போய்ப் பார்ப்பேன்.