பரவாத நோய்க்கு ஏது பரவல்?

"சுவீடனில் இந்த முதுகெலும்பு வாதத்தின் பரவல் 0.18 சதவீதம். நாட்டின் வடபகுதியில் பரவல் கூடுதல்." நலவாழ்வுப் பக்கம் ஒன்றில் வந்த வரி. நோயின் பெயரையும் நாட்டின் பெயரையும் மாற்றினால் இதே வாக்கியம் நீரிழிவுக்கும் ஆஸ்துமாவுக்கும் மனச்சோர்வுக்கும் வாரந்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிரிவலன்ஸ் என்ற சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர் கை தானாகவே 'பரவல்' என்று எழுதிவிடுகிறது.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'வலேரே' என்றால் வலுவோடிருத்தல். சேர்ந்தால் மேலோங்குதல். அது பொதுவழக்கில் 'எங்கும் காணப்படுதல்' என்று நெகிழ்ந்து, மருத்துவப் புள்ளியியலுக்கு வந்தபோது கறாரான பொருளைப் பெற்றது: குறித்த ஒரு நாளிலோ காலத்திலோ, ஒரு மக்கள்தொகையில் எத்தனை பங்குப் பேர் அந்த நோயோடு இருக்கிறார்கள் என்பது. வேரைப் பிடித்துக்கொண்டு 'மேலோங்கல்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அதனால் வேரை விட்டுவிட்டு, சொல் இன்று செய்யும் வேலையைப் பார்ப்போம்.

அந்த வரியில் சொல்லப்படும் நோய் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். சுவீடன்காரர்கள் இதைப் 'பெக்தெரேவ்' என்பார்கள், 1890களில் இதைப் பற்றி எழுதிய ரஷ்ய மருத்துவரின் பெயரால். பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் முதலில் அழற்சி. பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலையில் முதுகு விறைத்துக் கிடக்கும். எழுந்து நடமாடினால் குறையும், படுத்தே இருந்தால் கூடும். முற்றிய நிலையில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். (இதைத் 'தேய்மானம்' என்று எழுதுகிறவர்களோடு தனிச் சண்டை இருக்கிறது. தேய்மானம் ஸ்பாண்டிலோசிஸ். அது வயதானால் வருவது, இது வாலிபத்தில் வருவது. 'தண்டுவட அழற்சி' என்பது இன்னும் மோசம். தண்டுவடம் என்பது எலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி. அதில் அழற்சி வந்தால் அது முற்றிலும் வேறு நோய்.)

இந்த நோய் யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றாது. எச்எல்ஏ-பி27 என்ற மரபுக்கூறோடு இதற்கு நெருங்கிய தொடர்பு இருப்பது 1973இல் தெரியவந்தது. அந்தக் கூறு ஸ்காண்டிநேவியாவின் வடபகுதி மக்களிடம் அதிகம். ஜப்பானில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை, அங்கே இந்த நோயும் அபூர்வம். கூறு உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பது வேறு கதை.

இப்போது அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். 'வடபகுதியில் பரவல் கூடுதல்.' வடக்கே ஏதோ கிளம்பித் தெற்கு நோக்கி வருவதுபோல இல்லையா? உறவுக்காரப் பெண்மணி ஒருவர் இதைப் படித்துவிட்டு, "அந்த ஊருக்குப் படிக்கப் போற பிள்ளைங்க தடுப்பூசி போட்டுக்கணுமா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை. 2020இலிருந்து 'பரவல்' என்ற சொல் நம் காதில் ஒரே பொருளில்தான் விழுந்திருக்கிறது. தொற்றுப் பரவல், சமூகப் பரவல், பரவல் சங்கிலி. அதைக் கொண்டுபோய்ப் பரவாத நோய்க்கு ஒட்டினால் வாசகர் வேறென்ன நினைப்பார்?

'பரவலாகக் காணப்படுகிறது என்று சொல்கிறோமே, அதிலிருந்து வந்ததுதானே?' என்று இந்தச் சொல்லின் ஆதரவாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பரவலாக, பரவலான என்று அடையாக வரும்போது ஓட்டம் அடங்கி, 'பல இடங்களிலும்' என்ற பொருள் நிற்கிறது. பெயர்ச்சொல்லாக்கிப் 'பரவல்' என்றதும் ஓட்டம் திரும்ப வந்துவிடுகிறது. அதோடு, ஆயிரத்தில் இரண்டு பேருக்குக்கூட முழுதாக இல்லாத நோயைப் 'பரவல் 0.18' என்பது, பரவலாக இல்லாததைப் பரவல் என்பதாகாதா? போதாக்குறைக்குப் புள்ளியியல் பாடநூலில் இயல்நிலைப் பரவல் என்று இன்னொன்று இருக்கிறது. அங்கே பரவல் என்றால் மதிப்புகள் எப்படி விரவிக் கிடக்கின்றன என்பது. ஒரே சொல்லின் தலையில் மூன்று மூட்டை. இந்த அழகில் 'புள்ளிப் பரவல்' என்று வேறு எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'பாயிண்ட்' என்பது அங்கே ஒரு குறித்த நாளைச் சுட்டுகிறது. தமிழில் படித்தால் உடம்பில் அம்மைப் புள்ளி பரவுவதுபோல இருக்கிறது.

மேற்படி 0.18 எப்படி வந்தது என்று பார்த்தால் எந்தச் சொல் வேண்டும் என்பது தெளிவாகும். சுவீடனில் ஒவ்வொருவருக்கும் அடையாள எண் உண்டு, 1947 முதல். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் விவரம் 1987 முதல் நாடு முழுவதற்கும் பதிவேட்டில் இருக்கிறது. சிறப்பு மருத்துவரிடம் வந்து போகிற வெளிநோயாளிகள் 2001 முதல் சேர்ந்தார்கள். அந்தப் பதிவேட்டை வைத்து, 2009 டிசம்பரில் உயிரோடு அந்நாட்டில் வசித்த 16 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் இந்த நோய் கண்டறியப்பட்டோரை எண்ணினார்கள். 11,030 பேர். ஆண்களில் 0.23 சதவீதம், பெண்களில் 0.14. எதுவும் எங்கும் பரவியதை இங்கே யாரும் அளக்கவில்லை. அந்த மாதம் கணக்கில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கணக்குப்பிள்ளை இதை ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்: இருப்பு. புதிதாக வருவது வரவு. ஆங்கிலத்தில் இன்சிடென்ஸ் என்பது அந்த வரவு, ஓராண்டில் புதிதாக நோய் கண்டவர்கள். இறந்தவர்களும் நாட்டை விட்டுப் போனவர்களும் செலவு. குணமாகிக் கழிந்தவர் என்று இந்த நோயில் கிடையாது. எனவே பிரிவலன்ஸுக்கு 'நோயிருப்பு', இன்சிடென்ஸுக்கு 'நோய்வரவு' என்பது என் கட்சி.

இரண்டையும் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாட்டுக் கணக்கு ஒன்று. நார்வேயின் வடபகுதியில் 1960இலிருந்து 1993வரை இந்த நோயின் வரவு ஆண்டுக்கு லட்சத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர். அத்தனை ஆண்டுகளிலும் அது பெரிதாக மாறவில்லை. ஆனால் இருப்பு 0.036 சதவீதத்திலிருந்து 0.26க்குப் போயிற்று, ஏழு மடங்கு. இளம்வயதில் வந்து ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும் நோய் இப்படித்தான் ஆண்டுக்கு ஆண்டு கணக்கில் சேரும். இதையே 'பரவல் ஏழு மடங்கு உயர்வு' என்று தலைப்பிட்டால்? நோய் காட்டுத்தீயாகப் படர்கிறது என்று ஊரே கிலி பிடித்துக் கிடக்கும். வந்தவர்கள் தொகை என்னவோ அன்றும் இன்றும் ஒன்றுதான்.

'இருப்பு என்றால் கிடங்குச் சரக்குபோல இருக்கிறது, நோயாளி என்ன அரிசி மூட்டையா?' என்று ஒரு ஆட்சேபம் வரும். கிடங்குக்கு முன்பே இருப்பு என்பதற்கு 'இருத்தல்' என்ற பொருள் உண்டு. இன்னும் சிலர் 'பாதிப்பு விகிதம்' என்கிறார்கள். அது வரவா இருப்பா என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இன்சிடென்ஸுக்கு 'நிகழ்வு வீதம்' என்பதும் எனக்கு உவப்பில்லை. நிகழ்வு என்றதும் குத்துவிளக்கு ஏற்றும் விழாதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு நுணுக்கம், வீதமும் விகிதமும். வீதத்தில் காலம் இருக்க வேண்டும்: ஆண்டுக்கு இத்தனை பேர். இருப்பில் அது கிடையாது. அது மொத்தத்தில் ஒரு பங்கு. ஆகவே 'பரவல் வீதம்' என்பதில் இரண்டு சொல்லுமே தப்பு. நோய்வரவு வீதம், நோயிருப்பு விகிதம் என்று எழுதலாம்.

நாளிதழுக்கு இந்தக் கலைச்சொல்லும் வேண்டாம் என்பேன். 'சுவீடனில் 16 முதல் 64 வயதுள்ளோரில் பத்தாயிரத்துக்குப் பதினெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது' என்று எழுதினால் போதும். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழ்ப் பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, 'யாருக்கு, எத்தனை பேருக்கு' என்று கேட்டுக்கொண்டாலே வாக்கியம் தானாக வந்துவிடும்.

இந்தக் கணக்குகளைப் போடும் எபிடெமியாலஜி என்ற துறையின் பெயரான நோய்ப்பரவலியலை மட்டும் நான் தொடப்போவதில்லை. அங்கே பரவல் என்பதற்கு, நோய் மக்களிடையே எப்படி விரவிக் கிடக்கிறது என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. 'கொள்ளைநோயியல்', 'தொற்றுநோயியல்' என்று எழுதுகிறவர்களைத்தான் பிடிக்க வேண்டும். முதுகு விறைத்துப்போன சுவீடன்காரர்கள் 11,030 பேரையும் எந்தக் கொள்ளைநோயில் சேர்ப்பார்களாம்?