ஏப்ரலில் கூட்டிய பணம் எங்கே போகிறது? இ.எஸ்.ஏ.யிலிருந்து யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறியவர்களுக்கு

ஏப்ரல் மாதம் பிறந்தால் எங்கள் ஆலோசனை நிலையத்துத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. கொடுப்பனவுகள் கூடிவிட்டன என்று வானொலியில் சொல்லியிருப்பார்கள். வங்கிக் கணக்கிலோ போன மாதம் வந்த அதே தொகைதான் வந்திருக்கும். யாரோ தன் காசில் கை வைத்துவிட்டார்கள் என்று பதறிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் அண்மையில், நோயுற்றோருக்கான பிரித்தானிய அரசின் பழைய உதவியான இ.எஸ்.ஏ.யிலிருந்து புதிய உதவியான யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறியவர்கள். அவர்களின் பணத்தை யாரும் குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, மாறும்போது தொகை குறையாமல் ஈடுகட்டும் ‘டிரான்சிஷனல் புரொடெக்‌ஷன்’ என்ற இடைக்காலப் பாதுகாப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மாறும்போது கடிதத்தில் அதைப் படித்தவர்கள் உண்டு. அது எப்படிக் கரையும் என்று படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்ட ஆறு பழைய உதவிகளின் இடத்தில் 2013 முதல் யுனிவர்சல் கிரெடிட் படிப்படியாக வந்தது. நோயாலோ உடற்குறையாலோ வேலை செய்ய முடியாதவர்களுக்கான இ.எஸ்.ஏ.யும் அந்த ஆறில் ஒன்று. இ.எஸ்.ஏ. மட்டும், அல்லது அதோடு வாடகைக்கான ஹவுசிங் பெனிபிட்டும் பெற்றவர்களுக்கு 2024 செப்டம்பரிலிருந்து மாறச் சொல்லும் கடிதங்கள் போகத் தொடங்கின. நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பின் பேரில் வரும் இ.எஸ்.ஏ. வேறு, அது இந்த மாற்றத்தில் சேராது. உடற்குறையால் வரும் மேலதிகச் செலவுகளுக்காகத் தரப்படும், பிப் என்று நாம் சொல்லும் கொடுப்பனவும் சேராது. யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் பிப் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் சுத்தப் பொய். பிப் வருமானமாகக்கூடக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைச் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதடைந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர், கவுன்சில் வீட்டில் தனியாக வாழும் ஓர் அக்கா. இ.எஸ்.ஏ.யில் ‘சப்போர்ட் குரூப்’, அதாவது வேலைக்குத் தயாராகும்படி கேட்கப்படாதவர்களின் பிரிவு. பிப் வருகிறது, வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை, அவரைப் பராமரிப்பதாகச் சொல்லி யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் எடுப்பதில்லை. ஆகவே எஸ்.டி.பி. எனப்படும் கடும் உடற்குறைக்கான மேலதிகத் தொகையும் அவருக்குச் சேர்ந்து வந்தது. 2025–26 விகிதத்தில் அது மட்டும் வாரத்துக்கு 82.90 பவுண்ஸ். எல்லாம் கூட்டினால் அவருடைய இ.எஸ்.ஏ. மாதத்துக்கு ஏறத்தாழ 1,060 பவுண்ஸ்.

யுனிவர்சல் கிரெடிட்டில் எஸ்.டி.பி. என்ற ஒன்றே இல்லை. அதே 2025–26 விகிதத்தில் மாதத்துக்கு அடிப்படைத் தொகை 400.14, வேலை செய்ய முடியாத நிலைக்கான தொகை 423.27, கூட்டினால் 823 பவுண்ஸ்தான். இடையில் விழுகிற 237 பவுண்ஸ் பள்ளத்தை நிரப்புவதுதான் அந்த இடைக்காலத் தொகை. (எஸ்.டி.பி. போன்றவை இல்லாமல் சப்போர்ட் குரூப்பில் மட்டும் இருந்தவருக்கு இதே கணக்கு நேர்மாறாக வரும். பழையது 701, புதியது 823. அவருக்கு மாறுவதால் லாபம்தான். இடைக்காலத் தொகையும் கிடையாது. அதைக் காணவில்லையே என்று அவர் கவலைப்படத் தேவையில்லை.)

இந்தப் பள்ளம் ஏட்டுக் கணக்கு அல்ல. வேறு கவுன்சில் பகுதிக்கு வீடு மாறியதால் யுனிவர்சல் கிரெடிட்டுக்குள் தள்ளப்பட்ட இருவர், மாதம் 178 பவுண்ஸ் அளவுக்கு இழந்து, அரசுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். அவர்கள் நடத்தப்பட்ட விதம் பாகுபாடு என்று 2018 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியிலிருந்து 2021 ஜனவரி வரை எஸ்.டி.பி. பெறுவோர் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாதபடி தடை இருந்ததும் இந்த இழப்பின் காரணமாகத்தான்.

ஆகவே அக்காவுக்கு மாறிய அன்று 1,060 பவுண்ஸ் குறையாமல் வந்தது. வாடகை 650 பவுண்ஸும் யுனிவர்சல் கிரெடிட்டிலேயே சேர்ந்து வந்தது. மொத்தம் 1,710. இதுவரை பழுதில்லை.

பிறகு 2026 ஏப்ரல் வந்தது. அடிப்படைத் தொகை 424.90 ஆனது, வேலை செய்ய முடியாத நிலைக்கான தொகை 429.80 ஆனது. கூடியது 31 பவுண்ஸ். அந்த 31 பவுண்ஸும் அப்படியே இடைக்காலத் தொகையிலிருந்து கழிக்கப்படும். சட்டமே அப்படி. மற்றப் பகுதிகளில் எது கூடினாலும், குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கான தொகை நீங்கலாக, இடைக்காலத் தொகை அந்த அளவுக்குக் குறையும், அது பூச்சியமாகும் வரை. மொத்தம் அசையாது. விலைவாசி மட்டும் அசையும்.

இதைப் பலர் ஒருவாறு புரிந்துகொண்டுவிடுகிறார்கள். வாடகை விஷயம்தான் யாருக்கும் பிடிபடுவதில்லை. அதே ஏப்ரலில் அக்காவின் வாடகையும் 30 பவுண்ஸ் கூடி 680 ஆனது. யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதியும் 680 ஆகியது. யுனிவர்சல் கிரெடிட்டின் மாதாந்த அறிக்கையில் அதைப் பார்த்தவர், கூடிய வாடகையையும் அரசே கொடுக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் வாடகைப் பகுதி கூடினாலும் இடைக்காலத் தொகை குறையும். 237 ஆக இருந்தது, 31 போய், 30 போய், 175-க்கு (சில்லறை விட்டால்) வந்துவிட்டது. மொத்தக் கொடுப்பனவு அதே 1,710. வீட்டுக்காரருக்கு 680 கொடுத்த பிறகு கையில் மிஞ்சியது 1,030. போன மாதம் மிஞ்சியது 1,060. கொடுப்பனவு உயர்ந்ததாகச் சொல்லப்பட்ட மாதத்தில் அவர் 30 பவுண்ஸ் இழந்திருக்கிறார். அறிக்கையின் எந்த வரியிலும் தவறு இல்லை. பாதுகாப்பு என்று இதற்குப் பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இதனால்தான், இடைக்காலத் தொகை பெறுபவர் எவராவது வாடகை அதிகமான வீட்டுக்கு மாறப்போகிறேன் என்றால், கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் வாருங்கள் என்கிறேன். மகனோடு வாடகையில்லாமல் இருந்துவிட்டுத் தனி வீட்டுக்குப் போகிறவருக்கு அடி இன்னும் பலமாக விழும். புதிதாகச் சேரும் வாடகைப் பகுதி, இருக்கிற இடைக்காலத் தொகை முழுவதையும் ஒரே மாதத்தில் விழுங்கிவிடலாம்.

இன்னும் மாறாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, கடிதம் வரும் முன் நீங்களாக விண்ணப்பிக்காதீர்கள். கணினியில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டால், யுனிவர்சல் கிரெடிட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பழைய உதவிக்குத் திரும்ப வழியில்லை. முழு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைக்காது. நல்லெண்ணத்தோடு மருமகன் போட்டுக்கொடுத்த விண்ணப்பத்தால் இப்படிச் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, கடிதம் வந்த பின் சும்மா இருக்காதீர்கள். மாற்றம் தானாக நடக்காது. கடிதத் தேதியிலிருந்து மூன்று மாதம் அவகாசம் இருக்கும். மருத்துவமனையில் இருந்தாலோ வேறு காரணம் இருந்தாலோ அந்தத் தேதிக்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு நீடிக்கக் கேட்கலாம். தேதி தப்பினால் பழைய உதவி நின்றுவிடும். அப்போதும் ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் இடைக்காலப் பாதுகாப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு போனது போனதுதான். கணினி பழக்கமில்லாதவர்கள் தொலைபேசி மூலமே விண்ணப்பிக்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நடத்தும் ‘ஹெல்ப் டு கிளெய்ம்’ சேவை இலவசம்.

இடைக்காலத் தொகை, மாறும் நாளில் உங்களுக்கு என்ன உரிமை இருந்ததோ அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. எஸ்.டி.பி. வர வேண்டியவருக்கு வராமல் இருந்தால் மாறும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தங்கையோ மைத்துனியோ உங்களுக்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் எஸ்.டி.பி. நின்றுவிடும் என்பதும் நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. ஒருவர் கையில் வருவது இன்னொருவர் கையிலிருந்து போவதாக முடியலாம்.

மாறும் வேளையில் வேறொரு பணமும் வரும். இ.எஸ்.ஏ.யும் ஹவுசிங் பெனிபிட்டும் இரண்டு வாரத்துக்குத் தொடர்ந்து கொடுக்கப்படும். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, விண்ணப்பிக்கவும் தேவையில்லை. முதல் யுனிவர்சல் கிரெடிட் வர ஐந்து வாரம் ஆகும் என்பதால் ‘அட்வான்ஸ்’ வேண்டுமா என்று கேட்பார்கள். அது கடன். 24 மாதம் வரை மாதாமாதம் கழிப்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து, இலவசம் என்று எண்ணி அட்வான்ஸ் வாங்கியவர்கள் உண்டு. கவுன்சில் டாக்ஸ் சலுகையும் இத்தோடு தானாகத் தொடரும் என்று நினைக்க வேண்டாம். கவுன்சிலிடம் தனியே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. கொடுப்பனவு 16 வயதில் பிப் ஆக மாறுவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே இடைக்காலத் தொகை என்று எதுவும் இல்லை. அழைப்புக் கடிதம் வந்து காலத்தோடு விண்ணப்பித்தால், பிப் முடிவு வரும் வரையும், முடிவுக்குப் பின் வரும் முதல் கொடுப்பனவு நாளிலிருந்து 28 நாள் வரையும் டி.எல்.ஏ. தொடரும். அவ்வளவுதான். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு முறை வேறு.

யுனிவர்சல் கிரெடிட் பெறுபவர்கள் மாதாந்த அறிக்கையைத் திறந்து இடைக்காலப் பாதுகாப்பு வரி இருக்கிறதா, எவ்வளவு என்று பாருங்கள். வர வேண்டியது வராவிட்டால் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கிலுள்ள ஜர்னலில் எழுதிக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினாலும், துணையைப் பிரிந்தாலும் இடைக்காலத் தொகை முழுதாக நின்றுவிடும். பிறகு பழைய நிலைக்கு வந்தாலும் திரும்ப வராது. வேலை கிடைத்து வருமானம் கூடி யுனிவர்சல் கிரெடிட் நின்றவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: மூன்று மாதத்துக்குள் மறுபடி தகுதி பெற்றால், விட்ட இடத்திலிருந்தே அந்தத் தொகை தொடரும்.