ஜெயில் அதிகாரி படம் வந்தால் முதலில் தோள்பட்டையைப் பாருங்கள்

பிள்ளையை ரிமாண்டில் மதுரை அரசரடி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களைக் குறிவைத்து ஓர் ஏமாற்று வேலை நடக்கிறது. நான் மதுரையில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். என்னிடம் வருபவர்கள் பணத்தைப் பறிகொடுத்த பிறகுதான் இதைச் சொல்கிறார்கள். ஜெயிலர் பேசுவதாக வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். "உங்க பையன் உள்ள அடிபட்டுக் கிடக்கான், வேற செல்லுக்கு மாத்தணும், உடனே பணம் போடுங்க" என்பார் ஒருவர். முகப்புப் படத்தில் காக்கிச் சட்டை, சிங்கச் சின்னம், பின்னால் தேசியக்கொடி. அதைப் பார்த்ததும் பதறிப்போய் ஜிபேயில் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள்.

மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படி வந்த படத்தை எனக்குக் காட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெயிலர் என்று சொன்ன ஆளின் தோளில் குறுக்காக வைத்த வாளும் தடியும், அதற்கு மேலே சிங்கச் சின்னமும் இருந்தன. போலீஸில் அது உச்சப் பதவிகளில் இருக்கும் ஏ.டி.ஜி.பி., டி.ஜி.பி. அணிவது. அதே தோள்பட்டையின் அடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு ரிப்பன். அது ஏ.எஸ்.ஐ. முதல் இன்ஸ்பெக்டர் வரை உள்ளவர்களுக்கு உரியது. இரண்டும் ஒரே தோளில் வரவே வராது. "சிங்கம் போட்டிருந்துச்சே வக்கீலம்மா, அதான் நம்பிட்டேன்" என்றார் அவர். அந்தச் சிங்கத்தை வைத்தேதான் அவரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

போலீஸ் தோள்பட்டையைப் படிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரிப்பனோடு ஒரு நட்சத்திரம் ஏ.எஸ்.ஐ., இரண்டு எஸ்.ஐ., மூன்று இன்ஸ்பெக்டர். ரிப்பன் இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் இருந்தால் டி.எஸ்.பி. சிங்கச் சின்னமும் ஒரு நட்சத்திரமும் எஸ்.பி., சின்னமும் மூன்று நட்சத்திரமும் டி.ஐ.ஜி. வாளும் தடியும் ஐ.ஜி.யில்தான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் சிறைத் துறையின் தலைமைப் பொறுப்பில் ஐ.பி.எஸ். அதிகாரி இருப்பதால், வாளும் தடியும் அந்த உச்சியில் இருப்பவருக்குத்தான் பொருந்தும். வார்டர், உதவி ஜெயிலர், ஜெயிலர், கண்காணிப்பாளர் என்று போகும் வரிசையில் யாரும் அதை அணிய முடியாது. அவ்வளவு உயரத்தில் இருப்பவர் ஒரு விசாரணைக் கைதியின் வீட்டுக்குப் போன் போட்டுப் பணம் கேட்பாரா?

சிலருக்கு 'தேசிய சிறைத் துறை, இந்திய அரசு' என்று தலைப்பிட்ட கடிதமே வருகிறது. அப்படி ஒரு துறை இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மதுரை, பாளையங்கோட்டை, திருச்சி, புழல் என்று நம் மத்தியச் சிறைகள் அத்தனையும் தமிழக அரசின் கீழ் வருபவை. இங்கிலாந்தில் அரசரின் பெயரால் இயங்கும் தனிச் சிறைச் சேவை இருக்கிறது. அங்கே அதிகாரியின் தோளில் அவர் வேலை செய்யும் சிறைக்குரிய இரண்டு எழுத்தும் அவருக்கான எண்ணும் இருக்கும். புகார் கொடுக்க அந்த எண்ணே போதும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது மார்பில் இருக்கும் பெயர்ப்பட்டை. மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போகும்போது அந்தப் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. கைது செய்ய வரும் போலீஸார் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 36-ஆம் பிரிவே சொல்கிறது.

கடிதம் வந்தால் சின்னத்தையும் கவனியுங்கள். தமிழக அரசுச் சின்னத்தில் கோபுரம் இருக்கும், அதன் முன்னே அசோகச் சிங்கம், இரு பக்கமும் தேசியக்கொடி, 'வாய்மையே வெல்லும்' என்ற வரி. 1949-இல் அதை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் நம் மதுரைக்காரர். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மீனாட்சி அம்மன் கோயில் மேலக் கோபுரமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை, அது இருக்கட்டும். மாநிலச் சிறையிலிருந்து வந்ததாகச் சொல்லும் கடிதத்தில் அந்தக் கோபுரம் இல்லை என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். கோபுரம் இருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள், இப்போது எதையும் கணினியில் ஒட்டிவிடலாம்.

காரில் கொடியோடு வந்து இறங்கும் இடைத்தரகர்களும் உண்டு. தேசியக்கொடியைக் காரில் பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள், உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்ற சிலருக்குத்தான் உண்டு. எந்த ஜெயில் அதிகாரிக்கும் அது கிடையாது.

சட்டம் இதில் கடுமையாகவே இருக்கிறது. அரசு ஊழியர்போல் நடித்து அந்தப் பதவியின் பெயரில் காரியம் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 204-ஆம் பிரிவின்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஏமாற்றும் எண்ணத்தோடு அவர்களின் உடுப்பையோ அடையாளத்தையோ அணிந்தால் 205-ஆம் பிரிவு, 3 மாதம் வரை. தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் 2 ஆண்டு வரை. பாதிக்கப்பட்டவர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்காததால்தான் இவையெல்லாம் ஏட்டோடு நின்றுவிடுகின்றன. ராத்திரி பகலாக உள்ளே காவல் நிற்கும் நேர்மையான வார்டர்களின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. எனக்கு இதில் அதிகம் வலிப்பது அதுதான்.

சரி, போன் வந்துவிட்டால் என்ன செய்வது? அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். கைதியின் செலவுக்கான பணத்தைச் சிறை அலுவலகம் வழியாக அவர் கணக்கில்தான் செலுத்த வேண்டும், எந்த அதிகாரியின் சொந்த நம்பருக்கும் இல்லை. உடம்பு சரியில்லை என்ற செய்தி உண்மையா என்று உங்கள் வக்கீலை உடனே நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும் உண்டு. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், ஆத்திரத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். படம், நம்பர், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாரோடு கொடுக்க உங்கள் கையில் இருக்கும் சாட்சியம் அவைதான்.